ஏரிக்குப் போக வேண்டிய படுக்கை

ஆர்லிஸ் ஸ்கோகன் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததை நோர்டாலில் எவரும் பார்த்ததில்லை. பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கை மட்டும் விலக்கு. அங்கே அவள் உட்கார்ந்திருந்தாலும் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும். தேவாலயத்தில் பிரசங்கம் சற்று நீண்டால் எழுந்துபோய்க் காப்பிப் பானை கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். தொலைபேசியில் பேசினால் கம்பி எட்டும் தூரம்வரை நடப்பாள். கம்பியில்லாத தொலைபேசி வந்தபிறகு தோட்டத்துக் கோடிவரை நடந்தாள். சாப்பாட்டையும் பெரும்பாலும் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடியே முடித்துக்கொள்வாள். அறுபதைக் கடந்த பிறகும் இதில் மாற்றமில்லை.

படுத்துவிட்டால் கதை வேறு. தலையணையில் தலை பட்டதும், விசையைத் தட்டி விளக்கை அணைத்தாற்போல் உறங்கிப்போவாள். விடியுமுன் பேருந்தைக் கிளப்ப வேண்டியிருந்ததால் பொழுது சாய்ந்ததுமே படுக்கை. பிறகு இடி விழுந்தாலும் தெரியாது. அவளுக்கு வாய்த்த இந்த நல்ல தூக்கமே, நான் சொல்லப்போகும் விவகாரத்தில் அவளுக்கு எதிராக வேலை செய்தது.

கணவன் ஹார்லன் எல்லா வகையிலும் அவளுக்கு நேர்மாறானவன். மாவட்டச் சாலைத்துறையில் தலை நரைக்கும்வரை பனி ஒதுக்கும் லாரி ஓட்டினான். ஒரே சாலையில் போய், அதே சாலையில் திரும்பி, மறுநாளும் அதே சாலையில் அதே பனியை ஒதுக்குகிற வேலை. அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. குறை முதுகுக்குத்தான் இருந்தது. உறைந்த மேடுபள்ளங்களில் லாரி தூக்கித் தூக்கிப் போட்டதில் இடுப்புக்கு மேலே எலும்புகள் ஒன்றையொன்று உரசத் தொடங்கியிருந்தன. எப்படியிருக்கிறது என்று மருத்துவர் கேட்டபோது, "மோசமில்ல" என்றான். எங்கள் ஊரில் கால் ஒடிந்தவனும் அதைத்தான் சொல்வான்; பரிசுச் சீட்டு விழுந்தவனும் அதைத்தான் சொல்வான்.

ஆர்லிஸ் பிறந்தது ஊருக்கு வடக்கே ஒரு பால் பண்ணையில். மாடுகளுக்கு விடுமுறை கிடையாது. விடியலில் ஒரு கறவை, மாலையில் ஒரு கறவை. இரண்டுக்கும் ஆள் வேண்டும். அவளுடைய பெற்றோர் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கேக் வெட்டுமுன் கிளம்பிவிடுவார்கள். திருமணமாகிப் போகும்வரை அவள் ஒரே ஒரு இரவுகூட வேறொரு கூரையின்கீழ் தூங்கியதில்லை. கோடைகாலத்து வெள்ளிக்கிழமைகளில், நகரத்துக் கார்கள் வண்டிகளை இழுத்துக்கொண்டு ஏரிகளை நோக்கி நெடுஞ்சாலையில் வரிசையாகப் போகும். தொழுவத்துச் சன்னல் உயரம்; வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று அவற்றைப் பார்ப்பாள். பின்னாலிருந்து அப்பா குரல் கொடுக்கும்வரை பார்ப்பாள்.

ஆகவே, பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது பக்கத்து ஊரில் பழைய பாப்-அப் கேம்பர் ஒன்று விற்பனைக்கு வந்ததும், ஹார்லன் யோசித்துச் சொல்கிறேன் என்று முடிப்பதற்குள் அது ஸ்கோகன் வீட்டு முற்றத்தில் நின்றது. லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு சாலையில் போகும்போது அது இடுப்பளவு உயரமுள்ள ஒரு பெட்டி. நிறுத்திவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் நான்கு கம்பங்களில் கூரை மேலெழும். முன்னும் பின்னும் இரண்டு பலகைகளை இழுத்துவிட்டால் அவை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு படுக்கைகளாகும். சுற்றிலும் கான்வாஸ் துணி விரைப்பாக நிற்கும். நடுவில் ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஒரு சிறு தொட்டி. அன்று முதல் எல்லாக் கோடையிலும் ஆர்லிஸ் கிளம்பினாள். பிள்ளைகள் வளர்ந்து வேறு மாநிலங்களுக்குப் போனபிறகும் கிளம்பினாள். ஹார்லன் கூடவே போனான். பெரிதாக ஆசைப்பட்டுமில்லை, மறுத்துமில்லை.

சென்ற ஆகஸ்டில்தான் கணக்கு மாறியது. லூன் ஏரிக் கரையில் இரண்டாம் நாள் காலை அவள் எழுந்து வெளியே வந்தபோது பிக்கப் லாரியைக் காணோம். கணவனையும் காணோம். அவன் ஏரிப்பக்கம் நடக்கப் போயிருப்பான், யாரோ லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள் என்று முடிவுகட்டி, பூங்காக் காவலரிடம் ஓடினாள். காவலர் வயர்லெஸ்ஸில் லாரி எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே லாரி மெதுவாக வந்து நின்றது. ஹார்லன் இறங்கினான். சவரம் செய்த முகம். கையில் ஒரு டோனட் பெட்டி.

"எங்க போனே?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்கா! எதுக்கு?"

"தூங்க."

"லாரி திருட்டுப் போச்சுன்னு நான் போலீஸ் வரைக்கும் சொல்லிட்டேன், ஹார்லன்!"

"கெடைச்சிருச்சுன்னு சொல்லிடு. காவலர் சார், டோனட் எடுத்துக்குங்க."

பக்கத்துக் கூடாரங்களில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார்கள். அந்தக் கதை ஆர்லிஸுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்தது.

பனிக்காலத்தில் ஒரு நாள், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி ஹார்லன் பேச்செடுத்தான். அவனுடைய அக்காள் மகன் கர்ட், கேம்பரைக் கேட்கிறானாம். மான் வேட்டைக்காகக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுவானாம்.

"நிறுத்திடுவானா? அப்புறம்?"

"அப்புறம் என்ன, அங்கேயே கெடக்கும். அவனுக்கு ஒதுங்க ஒரு எடம்."

"சக்கரம் இருக்கிற வண்டி அது."

"என் முதுகுக்கு அது தெரியலியே, ஆர்லிஸ்." ரொட்டியை மடித்தான். "நான் ஒண்ணும் அடம் பிடிக்கலே. மே மாசம் மீன்பிடி தொடங்குற அன்னிக்குப் போவோம். ஒரு ராத்திரி முழுசா படுத்துப் பார்க்கிறேன். தூக்கம் வந்தா உன்னுது. வரலேன்னா கர்ட் இழுத்துட்டுப் போகட்டும்."

எங்கள் மாநிலத்தில் மீன்பிடிப் பருவம் தொடங்கும் சனிக்கிழமையில் கல்யாணம் வைப்பவர்களை உறவினர்கள் மன்னிப்பதில்லை. அத்தனை பெரிய நாள். அந்த நாளையே ஹார்லன் கெடுவாக வைத்தான். ஆர்லிஸ் தொட்டியருகே போய், ஏற்கெனவே கழுவிய கரண்டியை மறுபடி கழுவினாள்.

ஏப்ரலில் முற்றத்துப் பனி கரைந்து சேறான மறுநாளே அவள் கேம்பரை விரித்தாள். காலைப் பேருந்துக்கும் மாலைப் பேருந்துக்கும் நடுவில் கிடைக்கும் பொழுதெல்லாம் அதற்குள்தான். அந்தப் படுக்கையின் குறைகளை அதுவரை அவள் ஆராய்ந்ததே இல்லை. ஆராயத் தொடங்கியபோது ஒன்றின்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. வண்டியோடு வந்த மெத்தை ஒரு விரற்கடைக் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. அதற்குக் கீழே ஒட்டுப்பலகை, பலகையின் நடுவே குறுக்காக ஓர் இரும்புப் பட்டை. பலகைக்குக் கீழே வெறும் காற்று. குளிர் நேராக மேலே ஏறும். உடம்புச் சூடும் கீழ்க் குளிரும் மோதுவதால் விடிவதற்குள் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்துவிடும்.

முதலில் வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ்த்தாளைப் பலகைக்கு அடியில் பொருத்தினாள். ஈரம் போக மெல்லிய மரச்சட்டங்களை இடைவெளிவிட்டு அடுக்கினாள். அதன்மேல் பழைய மெத்தை. அதற்குமேல் முட்டை அட்டைபோல மேடும் பள்ளமுமான ஃபோம். அது போதாதென்று தோன்றவே, உடம்பின் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று கடைக்காரர்கள் சொல்கிற கனத்த ஃபோம் ஒன்றை வாங்கிவந்தாள். காற்றடைக்கும் மெத்தையையும் விடவில்லை. குளிரில் அது சுருங்கி, ஒருவர் புரண்டால் மற்றவர் கான்வாஸில் போய் மோதும் நிலை உண்டானதால் அதை மடித்து வைத்தாள்.

ஒவ்வொன்றையும் தானே படுத்துப் பார்த்தாள். பகலில் படுத்தால் கால்கள் நிலைகொள்ளாமல் ஆடின; எழுந்துவிட வேண்டும்போல் இருந்தது. சரி, இரவில் பார்க்கலாமென்று இரவில் படுத்தால் உடனே உறங்கிப்போனாள். எந்தப் படுக்கையிலும் உறங்கிவிடுகிறவள், படுக்கையைச் சோதிப்பது எப்படி? இந்தச் சிக்கல் அவளைப் பிடுங்கித் தின்றது.

இதற்கிடையே ஊர் தன் கண்ணால் கண்டதை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஆர்லிஸ் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்குகிறாள், கேம்பருக்குள் போகிறாள், காலையில் அங்கிருந்தே பேருந்துக்குப் போகிறாள். எதிர்வீட்டு பெவர்லி லுண்டின் சமையலறைச் சன்னல் நேராக அந்த முற்றத்தைப் பார்த்திருந்தது. யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் கேள்வி கேட்பதில்லை, ஹாட்டிஷ் செய்வார்கள். இறைச்சி, பச்சைப் பட்டாணி, காளான் சூப்பு, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள், எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு அடுப்பில் வேகவைத்து, தட்டின் அடியில் தங்கள் பெயரை ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். செத்த வீட்டுக்கும் அதுதான், பிறந்த வீட்டுக்கும் அதுதான்.

பெவர்லி முதலாவதாகப் போனாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம், ஹார்லன். சூடா இருக்கு, துணியோட பிடிச்சுக்கோ."

"அட, எதுக்கு இதெல்லாம்."

"நாங்கல்லாம் இருக்கோம். அது மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ."

ஹார்லன் நெகிழ்ந்துபோனான். தன் முதுகுவலி இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறதே, தெரிந்தும் நாசூக்காக அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் நடந்துகொள்கிறார்களே என்று வியந்தான். மறுநாள் இன்னொன்று வந்தது. ஞாயிறு முடிந்ததும் இரண்டு வந்தன, கூடவே பெவர்லியின் சாக்லேட் கேக்கும். எங்கள் வீட்டிலிருந்தும் ஒன்று போனது.

"இது யாரு தட்டு?" ஆர்லிஸ் நின்றபடி ஒரு வாய் அள்ளிக்கொண்டே கேட்டாள்.

"கேரல் குடுத்தா. முதுகுக்கு."

"முதுகுக்கு ஹாட்டிஷா?"

"நல்ல மனுஷங்க," என்றான் ஹார்லன்.

அந்த வாரம் பாஸ்டர் ஆஸ்ட்பி வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். கேம்பரின் கதவுக்குள் நுழைய இரண்டாக மடிய வேண்டியிருந்தது.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க பாஸ்டர், சேறு. காப்பி?"

"வேணாம் வேணாம், சிரமப்படாதீங்க."

"கொஞ்சமா?"

"இல்லல்ல, இப்பதான் குடிச்சேன்."

"கொதிச்சது இருக்கு."

"சரி, அரைக் கோப்பை."

மரியாதை முடிந்ததும் அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆர்லிஸ், இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ரெண்டு பேருக்கு நடுவுல சில சமயம்…"

"நீங்க என்ன ஒசரம் பாஸ்டர்?"

"ஆறடி நாலு. ஏன்?"

"தூக்கம் எப்படி?"

"சுமார்தான். புரண்டுகிட்டே இருப்பேன்."

ஆர்லிஸின் முகம் மலர்ந்தது. "அப்ப நீங்கதான் சரியான ஆளு. ஏறிப் படுங்க."

போதகர் படிப்பில் மறுப்பதற்குப் பயிற்சி தருவதில்லை போலும். அவர் ஏறிப் படுத்தார். காலுறை அணிந்த பாதங்கள் கோடியில் கான்வாஸை முட்டி, வெளியே தெருவை நோக்கி இரண்டு கூம்புகளாகப் புடைத்தன. எதிர்வீட்டுச் சன்னலில் பெவர்லி, துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"பரவால்லியே. நல்லாத்தான் இருக்கு."

"பாஸ்டர். உண்மையைச் சொல்லுங்க."

அவர் ஒருமுறை புரண்டு பார்த்தார். "இடுப்புக்கு அடியில ஒரு கம்பி இருக்கு. மெத்தை எவ்வளவு போட்டாலும் தெரியுது. அப்புறம், எனக்கு நெஞ்செரிச்சல். இப்படி மட்டமா படுக்கிற பழக்கமே போயிடுச்சு. வீட்ல தலகாணியை அடுக்கி, பாதி உட்கார்ந்த மாதிரிதான்."

"கம்பி! அதான் நானும் சொல்றேன்," என்றாள் ஆர்லிஸ். மற்றது அவள் காதில் ஏறவில்லை.

இறங்கி ஷூவை மாட்டும்போதுதான், வந்த காரியத்தை அவர் ஒருவழியாகச் சொன்னார். ஆர்லிஸ் இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டாள்.

"வீட்டை விட்டுப் போயிட்டேனா? முற்றத்துக்கா? ஒருத்தி போறதுன்னா இன்னும் கொஞ்சம் தூரமாவது போக மாட்டாளா?"

மாலையில் ஹார்லன் மேசையில் கரண்டியும் கையுமாக இருந்தான். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"இதெல்லாம் உன் முதுகுக்கு வந்ததில்ல. நான் உன்னைக் கைவிட்டுட்டேன்னு வந்தது."

கரண்டி பாதிவழியில் நின்றது. "பெவர்லி குடுத்த சாக்லேட் கேக்?"

"அதுவும்தான்."

அவன் வாயிலிருந்ததை மென்று முடித்தான். "நீ இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருக்கக் கூடாதா?"

அவள் சிரிக்கவில்லை. மீன்பிடி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கர்ட் ஒருமுறை வந்து டயர்களை உதைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். கம்பிக்குமேல் இன்னொரு அடுக்கு ஃபோம் போட்டாள். பிறகு அதை எடுத்துவிட்டு வேறொன்று போட்டாள். பேருந்து ஓட்டும்போதும் அதே நினைவு; ஒரு நாள், பிள்ளைகள் கூச்சலிட்ட பிறகே, ஒரு திருப்பத்தைத் தாண்டிவிட்டதை உணர்ந்தாள். இருபது ஆண்டுகளில் அவள் தாண்டிய முதல் திருப்பம் அது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், பருவம் தவறி ஒரு நாள் கடுங்குளிர் அடித்தது. ஈரம் எப்படித் தேங்குகிறது என்று பார்க்க அதைவிட நல்ல சோதனை கிடைக்காது என்று அவள் அன்று கேம்பரில் படுத்தாள். விடியலுக்கு வெகுமுன்பே, கடிகாரம் எழுப்பாமல், வாழ்க்கையில் முதன்முறையாகப் படுக்கை அவளை எழுப்பியது. உடம்பை நினைவில் வைத்துக்கொள்ளும் ஃபோம் குளிரில் இறுகி, பலகைக்குமேல் இன்னொரு பலகையாகியிருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

படுக்கையறையில் கட்டில் கலையாமல் இருந்தது.

ஹார்லன் கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே, சாய்வு நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்திருந்தது, காலடிப்பலகை உயர்ந்து முழங்கால்கள் மடிந்திருந்தன, வாய் திறந்திருந்தது. அப்படியொரு தூக்கத்தை அவன் முகத்தில் அவள் எந்தக் கட்டிலிலும் பார்த்ததில்லை. பார்க்க வாய்ப்பும் இல்லை. அவன் தூங்கும் நேரமெல்லாம் அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியின் கைப்பிடி ஓரத்தில் துணி வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாளில் தேய்கிற தேய்மானமல்ல அது.

நின்று பார்த்தாள். பிறகு துடைப்பக் கட்டையை எடுத்துவந்து, அவன் தோளோரமாக நாற்காலியின் சாய்வுக்கு இணையாகப் பிடித்தாள்.

ஹார்லன் ஒரு கண்ணைத் திறந்தான். "என்ன பண்றே?"

"அசையாதே. அளவெடுக்கிறேன்."

"சவப்பெட்டிக்கா?"

"எத்தனை நாளா இங்க படுக்கிறே?"

"அப்பப்ப."

"அப்பப்பன்னா?"

அவன் இரண்டாவது கண்ணையும் திறந்தான். "ரெண்டு குளிர்காலம் இருக்கும். நீ தூங்கினதும் வருவேன். உன் கடிகாரம் அடிக்கிறதுக்கு முன்னாடி வந்து படுத்துக்குவேன்."

"ஏன் சொல்லலே?"

"சொன்னா நீ கட்டிலை மாத்துவே. நல்ல கட்டில் அது."

"ஒரு மாசமா நான் ஃபோமோட மாரடிக்கிறேன், ஹார்லன்! நீ வேடிக்கை பார்த்துகிட்டு இருந்தியா?"

"நீ சந்தோஷமா வேலை செஞ்சுகிட்டு இருந்தே," என்றான் அவன். அவனைப் பொறுத்தவரை அது முழுமையான விடை.

கோபப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. பேருந்துக்குப் போகுமுன் கேம்பருக்குள் நுழைந்து நின்றாள். வேண்டியது மென்மையல்ல, சாய்வு. முதுகு உயர வேண்டும். முழங்கால் மடிய வேண்டும். ஆனால் நாற்காலியைக் கேம்பரில் ஏற்ற முடியாது. ஆப்புபோன்ற மெத்தை வைத்தால் கூரை இறங்காது. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இரவில் வேலையில்லாமல் நிற்பது ஒன்றே ஒன்று, நடு மேசை. அதன் ஒரு விளிம்பில் சுவரில் மாட்டும் கொக்கி, மறுபுறம் மடங்கும் ஒற்றைக் கால். அதைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி, கொக்கியைப் படுக்கைப் பலகையின் சட்டத்தில் மாட்டி, காலைப் பாதி மடக்கி முட்டுக்கொடுத்தாள். நின்றது. துடைப்பக் கட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சாய்வு சற்றுக் குறைவு. காலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்தாள். முழங்காலுக்கு, ஹார்லனின் பழைய பனிக்கால உடையைச் சுருட்டித் தலையணை உறைக்குள் திணித்தாள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் கூரையை இறக்கினாள். முக்கால்வாசி இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. தாழ்ப்பாள்கள் ஒரு சாண் உயரத்தில் தொங்கின.

"மேல ஏறி உட்காரட்டுமா?" என்று ஹார்லன் கேட்டான்.

"கம்பம் ஒடியும்."

மீண்டும் கூரையை ஏற்றி, அடுக்குகளை ஒவ்வொன்றாக உருவிப் புல்தரையில் எறிந்தாள். கனத்த ஃபோம் போனது. மேடுபள்ள ஃபோம் போனது. வாரக்கணக்கில் வெட்டித் தைத்து அடுக்கியதெல்லாம் முற்றத்தில் குவிந்தது. கடைசியில் மிஞ்சியவை வெள்ளித்தாள், மரச்சட்டங்கள், பழைய தேய்ந்த மெத்தை, ஒரு மெல்லிய ஃபோம். கூரை இறங்கித் தாழ்ப்பாள் விழுந்தது. பொருள்கள் வெளியே வருவதைப் பார்த்த பெவர்லி, ஆர்லிஸ் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்று தெருவுக்கே அறிவித்தாள். ஆர்லிஸோ, போட்ட எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது, ஒரு மேசைப்பலகையை நம்பிப் போகிறோம் என்று வழியெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

லூன் ஏரியில் காற்று கான்வாஸை உள்ளும் புறமுமாக அறைந்தது. ஹார்லன் சாய்ந்தான்.

"எப்படி?"

"குளிருது."

"சாய்வைக் கேக்கிறேன்."

"இருக்கு."

அன்று விளக்கணைத்தாற்போல் தூக்கம் வந்தது ஹார்லனுக்கு, விழித்திருந்தது ஆர்லிஸ். அவன் குறட்டை நிற்கும்போதெல்லாம் அவள் மூச்சும் நின்றது. எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியவில்லை. சாம்பல் வெளிச்சம் படரும் வேளையில் பிக்கப் ஒன்று உறுமும் சத்தம் கேட்டது. போர்வையை உதறி, வெறுங்காலோடு பனிப்புல்லில் குதித்தாள். லாரி பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது, படகு ஒன்றைத் தள்ளிக்கொண்டு. பக்கத்து இடத்துக்காரரின் லாரி. அவளுடையது நிறுத்திய இடத்திலேயே, கண்ணாடியில் பனி பூத்து நின்றது.

காலணியை மாட்டிக்கொண்டு நடந்தாள். ஏரிக்கரையில் போய், திரும்பி, மறுபடியும் போனாள். படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. சூரியன் மரங்களுக்குமேல் வந்தது. காலை மீன் கடிக்கும் நேரம் முடிந்து முதற்படகுகள் கரைக்குத் திரும்பத் தொடங்கியபோது, கேம்பர் கதவு படாரென்று திறந்தது. ஹார்லன் நீள உள்ளாடையோடு வாசலில் நின்றான்.

"ஏன் எழுப்பலே? எல்லாரும் போய்ட்டுத் திரும்பறாங்க!"

"தூங்கினியா?"

"இதென்ன கேள்வி! மீன்பிடி தொடங்குற அன்னிக்குத் தூங்கிட்டுக் கெடந்தேன்னு வெளியே சொல்ல முடியுமா?"

"முதுகு?"

அவன் இடுப்பை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தான். மறுபக்கமும் திருப்பிப் பார்த்தான். அவள் ஊற்றிக்கொடுத்த காப்பியை வாங்கி ஒரு மிடறு குடித்தான்.

"மோசமில்ல," என்றான். ஏரியைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டான்: "கர்ட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்."

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் ஆர்லிஸ் நிம்மதியாக இருந்திருப்பாள். ஊர் திரும்பியதும், நனைந்த கான்வாஸ் உலரட்டும் என்று ஹார்லன் கேம்பரை முற்றத்தில் விரித்தான். அது நியாயம், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். அன்று அதிலேயே படுத்துக்கொண்டான். மறுநாள் நல்ல வெயில், கான்வாஸ் காய்ந்துவிட்டது. அன்றும் அதிலேயே படுத்தான். கூடத்துச் சாய்வு நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. கோடை விடுமுறைக்குப் பள்ளிகள் மூடின. ஆர்லிஸுக்குக் காலையும் மாலையும் ஓட்டப் பேருந்து இல்லை. முற்றத்தில் விரித்து நிற்கும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இந்த வாரம் கிளம்பலாமா?"

"இங்கேயே நல்லாத்தானே இருக்கு."

"அடுத்த வாரம்?"

"பார்ப்போம்."

பார்ப்போம் என்றால் எங்கள் ஊரில் இல்லை என்று பொருள். இதற்குள் எதிர்வீட்டுச் சன்னல் புதிய நிலவரத்தைக் கவனித்திருந்தது. ஒரு மாலை பெவர்லி, துணி சுற்றிய தட்டோடு பின்வாசலில் நின்றாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம், ஆர்லிஸ். ஆம்பளைங்களுக்கு அந்த வயசுல புத்தி இப்படித்தான் போகும்."

ஆர்லிஸ் தட்டை வாங்கிக்கொண்டாள். நின்றபடி தின்னவில்லை. அதை மேசைமேல் வைத்துவிட்டு, சன்னல் வழியே கேம்பரைப் பார்த்தாள். இத்தனை பாடுபட்டு அதை அவள் மீட்டது கர்ட்டிடமிருந்து மட்டும்தான். காட்டில் அசையாமல் நின்றிருக்க வேண்டியது இப்போது முற்றத்தில் அசையாமல் நிற்கிறது. வாளிமேல் ஏறி நின்று பார்த்த அந்தத் தொழுவத்துச் சன்னலுக்கும் இதற்கும் உயரம் மட்டுமே வேறு.

மறுநாள் காலை ஹார்லன் சாய்ந்தபடி வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தபோது கூரை ஒரு குலுங்கு குலுங்கி, இறங்கத் தொடங்கியது.

"ஆர்லிஸ்! கூரை எறங்குது!"

"தெரியும்." வெளியிலிருந்து கைப்பிடி சுற்றும் சத்தம் நிற்கவில்லை.

"நான் உள்ள இருக்கேன்!"

"அதுவும் தெரியும். மண்டையில படுறதுக்குள்ள பேண்ட்டைப் போட்டுட்டு எறங்கு."

அவன் குனிந்தபடி, ஒரு காலை மட்டும் பேண்ட்டில் நுழைத்துக்கொண்டு வெளியே வந்தான். லாரியில் உணவுப் பெட்டிமுதல் மழைக்கோட்டுவரை ஏற்றியாகியிருந்தது.

"எங்க போறோம்?"

அதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. "மேற்க," என்றாள்.

"எத்தனை நாள்?"

பலகைகளை உள்ளே தள்ளி, கூரையை முழுக்க இறக்கி, தாழ்ப்பாளைத் தட்டிப் பூட்டிவிட்டு அவள் நிமிர்ந்தாள். "படுக்கை கிளம்பிருச்சு, ஹார்லன். தூக்கம் வேணும்னா கூட வா."

ஹார்லன் வீட்டைப் பார்த்தான். கூடத்து நாற்காலியை நினைத்தான் போலும். இரண்டாவது காலையும் பேண்ட்டில் நுழைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக உள்ளே போய், பெவர்லியின் ஹாட்டிஷ் தட்டை எடுத்துவந்து லாரியில் ஏறினான். ஓட்டுநர் இருக்கையில் ஏற்கெனவே ஆர்லிஸ் இருந்தாள். எதிர்வீட்டைக் கடக்கும்போது சன்னலில் பெவர்லி ஈரக்கையோடு எட்டிப்பார்ப்பது தெரிந்தது. ஹார்லன் தட்டைத் தூக்கிக் காட்டி, வாய் நிறைய உருளைக்கிழங்கோடு, நன்றி என்று தலையசைத்தான்.